எழுபத்தொன்றில் போட்ட சார்ஜ்

நகரத்தின் பெட்ரோல் பங்க் எதிலும் போய் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. சீல்காரர் என்று சொல்லிப் பாருங்கள், நாற்காலியில் சாய்ந்திருக்கிறவர் எழுந்து நிற்பார், போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தவர் போனைச் சட்டைப் பைக்குள் போடுவார். எடை, அளவுகளைச் சோதிக்கிற அரசாங்க அலுவலகத்தில் அவர் ஆய்வாளர். ஒவ்வொரு பம்ப்பும் சொன்ன அளவை ஊற்றுகிறதா என்று பார்த்து, சரியாக இருந்தால் கம்பி கோத்து ஈயத்தில் முத்திரை வைப்பதும், குறைந்தால் பம்ப்பை மூடுவதும் வேலை. முப்பத்தோரு வருஷமாக இதே வேலை. இதற்கு முதல் தகுதி எவனையும் நம்பாமல் இருப்பது. அது அவருக்குப் பிறவியிலேயே வாய்த்துவிட்டது, அரசாங்கம் சம்பளம் போட்டுக் கொடுத்ததெல்லாம் அப்புறம்தான்.

அவர் சோதிக்கிற அழகே தனி. ஐந்து லிட்டர் பிடிக்கும், கழுத்து ஒடுங்கிய அளவுப் பாத்திரம் ஒன்று வைத்திருப்பார். முதலில் அதைப் பெட்ரோலால் நனைப்பார். பிறகு கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும்வரை கடிகாரத்தைப் பார்த்தபடி அரை நிமிடம் நிற்பார். காய்ந்த பாத்திரத்தில் அளந்தால் பாத்திரமே கொஞ்சம் குடித்துவிடும், பழி பம்ப்பின் மேல் விழும் என்பார். அதற்கப்புறம்தான் அளவு. நுரை அடங்க வேண்டும், கண் கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும். அதற்காகத் தரையில் மண்டி போடுவார், அந்த வயதில், அந்த முட்டியோடு! பங்க் முதலாளி காபி வரவழைத்தால் தொடமாட்டார். காபி கொடுக்கிறவனைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம்.

சரி, இதெல்லாம் அலுவலகத்தோடு நின்றதா என்றால், நிற்குமா? வீட்டு பிரிட்ஜ் தன் குளிரைத் தானே காட்டும். அதை நம்பாமல் உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் வைத்திருக்கிறார். சமையல் கேஸ் வந்தால் சிலிண்டரைத் தராசில் ஏற்றி இறக்காமல் கொண்டுவந்தவர் வாசல் தாண்ட முடியாது. மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரித் தராசைப் பார்த்ததுமே இவருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. வீட்டுக்கு ஓடி முத்திரை போட்ட எடைக்கல்லைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார், தராசு நாற்பது கிராம் கூட்டிக் காட்டியது. உலகத்தில் எல்லா அப்பாக்களும் பிள்ளையின் எடையைக் கூட்டித்தான் சொல்வார்கள். பெற்ற பிள்ளையில் நாற்பது கிராமைக் கழித்த அப்பா இவர் ஒருத்தர்தான். அந்த மகள் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள், நிம்மதியாகவே இருக்கிறாள்.

வீட்டில் மிச்சம் இருப்பது மனைவி. ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பது அவள் வேலை. நோயாளிகள் வீட்டில் அவளுக்கு ஊசிக்காரம்மா என்று பெயர். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மத்தியானத்துக்குள் பதினைந்து வீடு. ஊசியைப் பார்த்ததுமே ஊரைக் கூட்டுகிற குழந்தை ஒரு வீட்டில், நரம்பே அகப்படாத கை ஒரு வீட்டில், "போன தடவை வந்த பொண்ணு வலிக்காம எடுத்தாளே" என்று இன்னொரு வீட்டில். அதையெல்லாம் முடித்து வீட்டுக்கு வந்தால் இவர். அவள் போய்வருகிற காரின் கிலோமீட்டரைத் தினமும் நோட்டில் குறித்துவைப்பார். நேற்றை விட நாலு கிலோமீட்டர் கூடியிருந்தால், "எந்த ரோட்டுல வந்தே?" என்பார். பத்து நிமிடம் தாமதமானால், "எங்க சுத்திட்டு வர்றே?" என்பார். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. கேள்வி கேட்பதுதான் அக்கறை என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அவர் நம்பிய ஒரே விஷயம் அதுதான் போலிருக்கிறது.

பதினாலு வருஷம் உழைத்த பழைய கார் ஒருநாள் நடுரோட்டில் உயிரை விட்டது. போகிற நேரம் பார்த்துத்தான் போனது. அடுத்த மாதத்திலிருந்து நகரத்தின் நடுப்பகுதியில் பகலில் புகை விடும் வண்டிகள் வரக் கூடாது என்று உத்தரவு வந்திருந்தது. ஊசிக்காரம்மாவின் பதினைந்து வீட்டில் பதினொன்று அந்தப் பகுதிக்குள். ஆகவே கரண்ட்டில் ஓடுகிற வண்டிதான் வாங்க வேண்டும், அதுவும் இந்த மாதத்துக்குள். இல்லையென்றால் அந்த வீடுகளை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று பரிசோதனைக் கூடத்தில் சொல்லிவிட்டார்கள்.

ஷோரூமில் இரண்டு வண்டி காட்டினார்கள். ஒன்று பிளக்-இன் ஹைபிரிட். பேட்டரியில் ஐம்பது கிலோமீட்டர் ஓடும், அந்தப் பகுதிக்குள் சுற்ற அது போதும், அது தீர்ந்தால் பெட்ரோல் என்ஜின் எடுத்துக்கொள்ளும். வீட்டுப் பிளக்கிலேயே சார்ஜ் போடலாம். இன்னொன்று முழுக்க முழுக்க கரண்ட். பெட்ரோல் வாடையே கிடையாது. ஆனால் சாதாரண வீட்டுப் பிளக்கில் மாட்டினால் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகும். வெளியே சார்ஜ் போடும் இடத்துக்குப் போய்க் காத்திருக்க வேண்டும்.

சீல்காரருக்கு இரண்டின் மேலும் நம்பிக்கை வரவில்லை. "இது பூனைக்கும் தோழன், பாலுக்கும் காவல்" என்றார் ஹைபிரிட்டைப் பார்த்து. மற்றதைச் சுற்றி வந்தார், டிக்கியைத் திறந்து மூடினார், சக்கரத்தைத் தட்டினார். "ஒரு சார்ஜுக்கு நானூறு கிலோமீட்டர்னு எழுதியிருக்கீங்களே, யாரு அளந்தது?" என்று கேட்டார்.

"கம்பெனியில டெஸ்ட் பண்ணினது சார்" என்றாள் விற்பனைப் பெண்.

"விக்கிறவனே அளந்தானா? நல்லாயிருக்கு! என் காதுல பூ சுத்த இடமில்லம்மா."

அவள் சிரித்தபடியே, "ஒவ்வொரு வண்டியையும் ஒரு வாரம் வீட்டுக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்க சார். அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றாள். ஒருத்தர் இப்படித் தாராளமாகக் கொடுக்கிறார் என்றால் அதில் என்ன உள்குத்து இருக்கும் என்று அன்று முழுவதும் யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை.

முதல் வாரம் ஹைபிரிட். மனைவியின் தம்பி டயர்க் கடை வைத்திருப்பவர், வந்து பார்த்துவிட்டு ஒரே போடாகப் போட்டார். "மாமா, கண்ண மூடிக்கிட்டு இத வாங்குங்க. காத்துக்கிடக்கற வேலையே இல்ல. அக்கா போனமா வந்தமான்னு இருக்கலாம்."

"கண்ண மூடிக்கிட்டு வாங்கச் சொல்றவன்கிட்டதான் மச்சான் கண்ண நல்லாத் திறந்து வெச்சுக்கணும்" என்றார் இவர். ஆனாலும் மனசு அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. பெட்ரோல் என்றால் பார்க்கலாம், ஊற்றி அளக்கலாம். கரண்ட்டை எந்தப் பாத்திரத்தில் பிடிப்பது, எதன் நுரை அடங்கக் காத்திருப்பது?

ஒன்று மட்டும் அவருக்கு உறுத்தியது. அந்த வாரம் மனைவி ஹைபிரிட்டுக்கு ஒருநாள்கூடச் சார்ஜ் போடவில்லை. வீட்டுச் சுவரில் பிளக் இருக்கிறது, வண்டியில் ஒயர் இருக்கிறது. கேட்டால், "மறந்துட்டேங்க" என்றாள். ரத்தக் குழாயில் ஒட்டும் பெயர்ச் சீட்டை இருபது வருஷத்தில் ஒருதடவைகூட மாற்றி ஒட்டாதவள் ஏழு நாளும் மறந்தாளாம்!

இரண்டாம் வாரம் முழுக் கரண்ட் வண்டி. விற்பனைப் பெண் அவர் போனில் ஒரு ஆப்பையும் போட்டுக் கொடுத்தாள். வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு சார்ஜ் இருக்கிறது, எப்போது எங்கே எவ்வளவு ஏறியது, எல்லாம் அதில் வரும். சீல்காரருக்கு வாயெல்லாம் பல். முப்பத்தோரு வருஷத்தில் தானே முன்வந்து கணக்கு ஒப்பிக்கிற ஒரு இயந்திரத்தை அப்போதுதான் பார்க்கிறார்.

செவ்வாய்க்கிழமை மனைவி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாள். ஐஸ் பெட்டியைக் கழுவும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்.

"எங்க சுத்திட்டு வர்றே?"

"சார்ஜ் போட்டேங்க. அங்கேயே உக்காந்திருந்தேன்."

பதில் சுத்தமாக இருந்தது. அவர் அனுபவத்தில் ரொம்பச் சுத்தமாக இருக்கிற பம்ப்பைத்தான் இரண்டு தடவை பார்க்க வேண்டும். ஆப்பைத் திறந்தார். மார்க்கெட் கட்டடத்தின் மூன்றாவது மாடி, கார் நிறுத்துமிடம். சார்ஜ் ஆரம்பித்தது எழுபத்தொரு சதவீதத்தில். முடித்தது எண்பத்து நாலில். ஆன நேரம் ஒரு மணி ஐம்பது நிமிடம்.

எழுபத்தொன்று இருக்கும்போது எதற்குச் சார்ஜ்? அதை வைத்து இன்னும் மூன்று நாள் ஓட்டலாமே! அதே மாடியில் பக்கத்திலேயே வேகமாக ஏற்றும் இயந்திரம் இரண்டு காலியாக நின்றதையும் ஆப் காட்டியது. அதில் போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். இவள் மெதுவாக ஏற்றுகிற இயந்திரத்தைத் தேடி மாட்டியிருக்கிறாள். நோட்டை எடுத்து எழுதினார்.

வியாழக்கிழமை மறுபடியும். அதே மாடி, அதே மெதுவான இயந்திரம், எழுபத்தெட்டிலிருந்து தொண்ணூறு. உள்ளே ஆள் உட்கார்ந்து ஏசி ஓடியது என்பதைக்கூட ஆப் காட்டிக்கொடுத்தது. ஒருதடவை என்றால் தவறு, இரண்டு தடவை என்றால் பழக்கம், இது பங்க்குகளுக்கு அவர் வைத்திருக்கும் சட்டம். வீட்டுக்கும் அதே சட்டம்தானே?

யாரோ இருக்கிறார்கள். இந்த இரண்டு சொல்லை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, நோட்டிலும் எழுதவில்லை. ஆனால் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது, பல் தேய்க்கும்போது, தராசில் படிக்கல்லை வைக்கும்போது அந்த இரண்டு சொல்தான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருஷக் குடித்தனம். அவள் நாற்பத்தொன்பது வயதுக்காரி. "சீச்சீ, என்ன புத்தி இது" என்று தன்னையே திட்டிக்கொள்வார். அடுத்த நிமிடமே, எழுபத்தொன்றில் எதற்குச் சார்ஜ் என்று ஆரம்பித்துவிடும்.

சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டார். முன்னறிவிப்பு இல்லாத சோதனை அவருக்குக் கைவந்த கலை. மத்தியானம் ஆப்பில் வண்டி மார்க்கெட் கட்டடத்துக்குள் நுழைவதைப் பார்த்ததும் பஸ் பிடித்தார். லிஃப்டில் போனால் கதவு மணி அடிக்கும் என்று, மூன்று மாடியும் படியேறிப் போனார். முட்டி கெஞ்சியது. இவர் விடவில்லை.

மூன்றாவது மாடியில் பாதிக்கு மேல் காலி. டயர் வாடை, சிமென்ட் தூண்கள், தூணுக்குத் தூண் மஞ்சளில் எழுதிய எண். கடைசி வரிசையில் அவர்கள் வண்டி, மூக்கில் ஒயர் மாட்டி, பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிந்தபடி நின்றது. இவர் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். நெஞ்சு அடித்த அடி தூணுக்கே கேட்டிருக்கும்.

வண்டிக்குள் அவள் மட்டும். இருக்கையைச் சாய்த்து, செருப்பைக் கழற்றி, இரண்டு காலையும் தூக்கி முன்பக்கப் பலகையின் மேல் போட்டிருந்தாள். கூந்தலை அவிழ்த்துவிட்டிருந்தாள். தூங்கவில்லை, கண் திறந்திருந்தது. போன் பக்கத்து இருக்கையில் கவிழ்ந்து கிடந்தது. பாட்டு கேட்பதாகவும் தெரியவில்லை. ஒன்றுமே செய்யவில்லை.

சரி, ஆள் இனிமேல்தான் வரப்போகிறான் என்று காத்திருந்தார். கால் மணி நேரம் கழித்து, கையில் பையோடு ஒரு ஆள் அந்த வரிசைப் பக்கம் நடந்து வந்தார். இவர் தூணோடு ஒட்டிக்கொண்டார். அந்த ஆள் நாலு வண்டி தள்ளி ஒரு காரைத் திறந்து, பையைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அப்புறம் ஒரு காவலாளி வந்தார், கொட்டாவி விட்டார், போனார். அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. ஒருத்தரும் வரவில்லை. அவள் கால் விரல்களை மடக்கி நீட்டினாள். அவ்வளவுதான் நடந்தது.

வராத ஆளை எப்படி வரவழைப்பது? பம்ப் மேல் சந்தேகம் தீராவிட்டால் இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்பார். அதே புத்திதான். போனை எடுத்து அவளுக்கு அடித்தார்.

அவள் போனைத் திருப்பிப் பார்த்தாள். பெயரைப் பார்த்தாள். உடனே எடுக்கவில்லை. முதலில் இரண்டு காலையும் கீழே இறக்கினாள். இருக்கையை நிமிர்த்தினாள். செருப்பைத் தேடி மாட்டினாள். கூந்தலை அள்ளி முடிந்தாள். முதுகை நேராக்கி உட்கார்ந்து, ஒரு மூச்சு இழுத்து விட்டு, அதற்கப்புறம்தான் போனைக் காதில் வைத்தாள்.

"சார்ஜ் போட்டிருக்கேங்க. இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். சாப்பாடு மேசை மேல மூடி வெச்சிருக்கேன்."

"சரி" என்றார் அவர்.

போனை வைத்த பிறகும் அவள் காலை மறுபடி மேலே போடவில்லை. அப்படியே விறைப்பாக உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருந்த இவருக்குச் சுருக்கென்றது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறார். எங்கேயோ என்ன, முப்பத்தோரு வருஷமாகத் தினமும் பார்க்கிறார். பங்க்குக்குள் நுழைந்ததும் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்கிற நிமிர்வு. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார். பங்க்குக்காரர்கள் நிமிர்ந்தால் நிமிரட்டும், அவர்கள் திருடினாலும் திருடுவார்கள். இவள் எதைத் திருடினாள்?

வெட்கம் பிடுங்கித் தின்றது. கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஒரு ஆள் வந்திருந்தால்கூட அவன் சட்டையைப் பிடித்திருக்கலாம். ஆளே இல்லாத இடத்தில் யாருடைய சட்டையைப் பிடிப்பது? திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயைத் திறக்காமல் படியிறங்கினார். வீட்டுக்குப் போனதும் மேசை மேல் மூடி வைத்ததைத் திறந்து சாப்பிட்டார். ருசி தெரியவில்லை.

அத்தோடு சந்தேகம் ஒழிந்ததா என்று கேட்காதீர்கள். பிறவிக் குணம் அவ்வளவு சுலபத்தில் போகுமா? ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அது வேறு ரூபம் எடுத்து வந்தது. ஹைபிரிட்டை வாங்கிவிட்டால் இந்தக் காத்திருப்பே இருக்காது, அவள் நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள், எல்லாம் பழையபடி நோட்டுக்குள் அடங்கிவிடும். காத்திருப்பதுதான் கரண்ட் வண்டியின் குறை என்று ஊரே சொல்கிறது. அந்தக் குறைக்காகவே ஒருத்தி அதை விரும்புகிறாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது? காத்திருக்கிற நேரம்தான் அவளுக்குச் சொந்தம். ஹைபிரிட்டுக்கு அவள் ஏழு நாளும் சார்ஜ் போட மறந்ததும் அது வேண்டாம் என்பதால்தான். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது அவளை யாரும் ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்க முடியாது. ஹைபிரிட் வந்தால் அது போய்விடும், போயிற்று என்று அவள் யாரிடமும் சொல்லக்கூட மாட்டாள்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டார். "உனக்கு எந்த வண்டி வேணும்?"

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "கரண்ட் வண்டிங்க."

"ஏன்?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சத்தம் இல்ல, அதான்" என்றாள் அவள்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் ஷோரூமுக்குப் போனார்கள். மச்சானும் கூட வந்தார், ஹைபிரிட்டுக்குக் கையெழுத்துப் போடுவதைப் பார்க்க. சீல்காரர் நாற்காலியில் உட்கார்ந்ததும், "முழுக் கரண்ட் வண்டி" என்றார்.

"மாமா! என்ன மாமா?" மச்சான் எழுந்தே விட்டார். "நேத்து வரைக்கும் கரண்ட்ட எதுல அளக்கறதுன்னு கேட்டீங்களே!"

"ஹைபிரிட்டு ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால். எனக்கு அது ஒத்துவராது."

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் சந்தோஷம் பொங்கி வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் கைப்பைக்குள் எதையோ தேடினாள். எல்லாம் அத்தோடு முடிந்திருந்தால் அவர் ஆயுசுக்கும் தப்பித்திருப்பார். விற்பனைப் பெண் விடவில்லை.

"இன்னொரு நல்ல விஷயம் சார். இந்த மாசம் வாங்கறவங்க வீட்டுச் சுவத்துல நாங்களே பெரிய சார்ஜர் மாட்டித் தர்றோம். இலவசம். ராத்திரி போட்டா காலையில ஃபுல். மேடம் இனிமே வெளியில எங்கயும் போய்க் காத்துக்கிடக்கவே வேண்டாம்!"

கைப்பைக்குள் இருந்த கை அப்படியே நின்றது. "அப்படியா" என்றாள் மனைவி. ஒரு நொடி கழித்து, "நல்லதுதானே" என்றாள். பதினைந்தாவது வீட்டிலும் நரம்பு கிடைக்காதபோது வருகிற குரல் அது.

"வேண்டாம்" என்றார் சீல்காரர்.

"சார், இலவசம் சார்."

"அதான் வேண்டாங்கறேன். சும்மா எவன் என்ன கொடுப்பான்? அதுவும் இல்லாம எங்க வீட்டு ஒயரிங் பழசு. இவ்வளவு கரண்ட்ட இழுத்தா தாங்குமான்னு எனக்கு நம்பிக்கை இல்ல."

மச்சான் தலையில் கை வைத்தார். "அக்கா, உன் வீட்டுக்காரரைத் திருத்த முடியாது." விற்பனைப் பெண்ணும் சிரித்துவிட்டாள். யாருக்கும் துளி சந்தேகம் வரவில்லை. சந்தேகப் பிராணி சந்தேகப்படுகிறது, இதில் என்ன அதிசயம்? வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு பொய் சொல்லியிருக்கிறார், அதை எல்லோரும் அப்படியே விழுங்கிவிட்டார்கள்.

ஒருத்தி மட்டும் விழுங்கவில்லை.

புது வண்டி வருகிறவரை இதையே ஓட்டுங்கள் என்று சோதனை வண்டியையே கொடுத்தனுப்பியிருந்தார்கள். மச்சான் அவர் கடைப் பக்கம் போய்விட்டார். மனைவிதான் ஓட்டினாள். இரண்டு சிக்னல் தாண்டியதும் கேட்டாள்.

"ஒயரிங் பழசா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"போன வருஷம் அந்த எலக்ட்ரீஷியனை நாலு நாள் படாத பாடு படுத்தி வீடு முழுக்க மாத்தினீங்க. ஒவ்வொரு முடிச்சையும் நீங்க பாத்த பிறகுதான் டேப் ஒட்ட விட்டீங்க. இப்ப அது பழசாயிடுச்சா?"

அவள் வண்டியை ஒரு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஓரங்கட்டினாள்.

"எப்ப வந்தீங்க?"

"சனிக்கிழமை."

"எங்க நின்னீங்க?"

"தூணுக்குப் பின்னாடி."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம். கொஞ்சம் கூட இருக்கும்." வாழ்நாளில் அவர் கொஞ்சம் கூட என்று ஒரு அளவைச் சொன்னதில்லை.

"போன் பண்ணினதும் அங்க இருந்துதானா?"

"ஆமா."

"யாராவது வருவாங்கன்னு நின்னீங்களா?"

பூசி மெழுக ஆயிரம் வழி இருந்தது. வயதாகிறது, உன் பாதுகாப்புக்காக வந்தேன், சார்ஜர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வந்தேன். அதையெல்லாம் அவர் சொல்லவில்லை. "ஆமா" என்றார்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"காலையில இருந்து பதினஞ்சு வீடு. ஒவ்வொரு வீட்டுலயும் நான் தப்பு பண்றேனான்னு என் கையையே பாத்துட்டு இருப்பாங்க. வீட்டுக்கு வந்தா நீங்க. கிலோமீட்டர், ரோடு, நேரம். ஒரு மனுஷி ரெண்டு மணி நேரம் யாரும் பாக்காம உக்காரக் கூடாதா? அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஏன்னு கேப்பீங்க. ஏன்னு சொன்னா எவ்வளவு நேரம்னு கேப்பீங்க."

உண்மைதான், கேட்டிருப்பார்.

"அந்த இடமும் போச்சு" என்றாள். "இனிமே அங்க எப்படிங்க உக்காருவேன்? எல்லாத் தூணும் நீங்களாத்தான் தெரியும்."

அவர் போனை எடுத்து அவளிடம் நீட்டினார். "அந்த ஆப்ப எடுத்துடு."

"உங்களுக்கு எடுக்கத் தெரியாதா?"

"தெரியும். நான் எடுத்தா எடுத்தேன்னு நீ என்ன நம்பணும். நீயே எடுத்துட்டா நம்ப வேண்டியதில்ல."

அவள் அதை வாங்கி, ஆப்பை எடுத்துவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இறங்குங்க."

"ஏன்?" என்று ஆரம்பித்த வாயை மூடிக்கொண்டார்.

"நீங்க பஸ்ல வீட்டுக்குப் போங்க. எனக்கு சார்ஜ் போடணும்."

அவர் கண் தன்னையறியாமல் வண்டியின் திரைக்குப் போனது. தொண்ணூற்றாறு சதவீதம். அவர் அதைப் பார்த்ததை அவள் பார்த்தாள். அவர் கதவைத் திறந்து இறங்கி, மெதுவாகச் சாத்தினார்.

கொஞ்ச தூரத்தில் ரோடு மூன்றாகப் பிரிகிறது. அங்கேயே பார்த்து நின்றால் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று தெரிந்துவிடும். ஆகவே அவர் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் மூடிக்கிடந்த ஒரு கடையைப் பார்த்து நின்றார். பழைய காராக இருந்தால் கிளம்புகிற சத்தம் கேட்டிருக்கும், கியர் மாறுவது கேட்டிருக்கும், போய்விட்டாள் என்று தெரிந்திருக்கும். இது கரண்ட் வண்டி. போனதா, இன்னும் அங்கேயே நிற்கிறதா, உள்ளேயிருந்து தன் முதுகைப் பார்க்கிறாளா, ஒன்றும் தெரியவில்லை. ஒரே ஒரு தடவை திரும்பினால் தெரிந்துவிடும். கழுத்து திரும்பத் துடித்தது. அவர் கடையின் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், பூட்டில் பார்க்க ஒன்றும் இல்லாவிட்டாலும்.

பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. தலையைக் குனிந்தபடி போய் ஏறி, நடுவில் ஒரு இருக்கையில் உட்கார்ந்து, பஸ் நகர்ந்து மூன்று தெரு தாண்டும்வரை தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி எந்தப் பக்கம் போயிற்று என்பது அவருக்குத் தெரியாது.